படத்தில் கைகள் எங்கே

அன்புள்ள லூர்து,

இரண்டாவது பல்கலைக்கழகத்திலிருந்து பதில் ஒன்றும் வரவில்லை என்று போன மாதம் உனக்கு எழுதியிருந்தேன். அது பொய். பதில் வந்து ஐந்து வாரமாகிறது. உன் பெயருக்கு வந்த உறையை நான்தான் பிரித்தேன், படித்தேன், டிரங்குப் பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். சென்னை விடுதியில் தபால் தொலைகிறது என்றுதான் நீ வீட்டு விலாசத்தைக் கொடுத்தாய். வீட்டிலும் தொலையும் என்று உனக்குத் தோன்றியிருக்காது. கோபப்படுவாய், படு. ஆனால் இதைக் கிழித்துப் போடுவதற்கு முன் முழுக்கப் படித்துவிடு. இந்த மாதக் கடைசிக்குள் இரண்டில் ஒன்றுக்கு நீ சம்மதம் எழுதியாக வேண்டும் என்பதை நான் மறக்கவில்லை. அந்தக் கடிதத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நான் எழுதுகிறதில் ரகசியம் ஒன்றுமில்லை. உன்னோடு வேலை செய்கிற டீச்சர்களுக்கும், உன் பள்ளியில் காது கேளாத பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கிற தாய் தகப்பன்மாருக்கும் இதை வாசித்துக் காட்டினாலும் எனக்குச் சம்மதமே.

உன் அப்பன் சந்தேகப் பிராணி என்பது ஊருக்கே தெரியும். முப்பது வருஷம் புகையிலைக் கம்பெனிக்குச் சரக்குப் பார்த்து எடுத்தவன் வேறு எப்படி இருப்பான்? கட்டிவருகிற சிப்பத்தின் மேல்பக்கம் இலை பொன்னாக இருக்கும். நடுவில் கையை விட்டால் மண்ணும் காம்பும், எடை ஏறுவதற்காகத் தெளித்த தண்ணீரின் ஈரமும் தட்டுப்படும். அதனால் தோள்வரை கையை நுழைத்து, நடுவிலிருந்து ஒரு இலையை உருவி முகர்ந்து பார்க்காமல் நான் ஒரு சிப்பத்தையும் எடுத்ததில்லை. சாணார்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் ஒருநாள் சரக்கு அடுக்குகிற கிட்டங்கியில் வைத்தே கேட்டார்: "என்னய்யா, பொண்ணுப் பாக்க வாரவுகளே இம்புட்டுப் பாக்க மாட்டாகளே." அவருடைய சரக்கு நல்ல சரக்கு. அதையும் இரண்டு தடவை பார்த்துத்தான் எடுத்தேன். இந்தப் பழக்கத்தோடுதான் உன் இரண்டு பல்கலைக்கழகங்களையும் பார்த்தேன்.

முதலில் பெரியது. அவர்கள் அனுப்பிய விவரப் புத்தகத்தை நீ விடுமுறைக்கு வந்தபோது இங்கேயே வைத்துவிட்டுப் போனாய். வழவழப்பான தாள், கலர் படங்கள், பனி மூடிய கட்டடம், பயணச் செலவும் தங்குமிடமும் அவர்களுடையது. காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் துறையில் டாக்டர் பட்டம் தருகிற இடங்களில் இதுதான் முதன்மையானது என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். "அப்பா, எனக்கு இங்க போகத்தான் ஆசை. உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டாய். அப்போது தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். நீ ரயிலேறியபின் பதினாறாம் பக்கத்துப் படத்தை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வகுப்பறை. ஒரு மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பிள்ளைகள், எல்லார் காதிலும் கருவி, எல்லார் முகத்திலும் சிரிப்பு. ஆசிரியை ஒரு கண்ணாடியைப் பிடித்துத் தன் உதட்டைக் காட்டுகிறார். பன்னிரண்டு பிள்ளைக்கு இருபத்து நாலு கை இருக்க வேண்டும், லூர்து. படத்தில் ஒரு கைகூட இல்லை. சிலருக்கு மேசைக்கு அடியில், சிலருக்கு முதுகுக்குப் பின்னால். அந்த வயசில் பன்னிரண்டு பிள்ளைகளை ஒரே நேரத்தில் கையை அடக்கி உட்கார வைப்பது லேசான காரியமில்லை. யாரோ வெகுநாள் பாடுபட்டிருக்கிறார்கள். அந்தப் பாடு எப்படிப்பட்டது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் பட்டிருக்கிறேன்.

இனி எழுதப்போவதில் பாதி உனக்குத் தெரியும், பாதி தெரியாது. உன் தம்பி முத்துவுக்கு மூன்று வயசில் காய்ச்சல் வந்து காது போனது. அவனோடு பேச யாரும் நமக்குக் கற்றுத்தரவில்லை. நீயும் உன் அம்மாவும் அவனுமாகச் சேர்ந்து ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டீர்கள். ஜடையை இழுத்தால் நீ. மூக்கைத் தொட்டால் மூக்குத்தி போட்ட அம்மா. விரலை மூக்கில் வைத்து முகர்ந்து முகத்தைச் சுளித்தால் நான். தெருவில் நான் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே ஓடுவான், நீங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் நிறையப் பெருமையாகவும் இருக்கும்.

அவனுக்கு ஏழு வயசில் தெற்கே ஒரு ஊரில் விடுதியோடு இருந்த பள்ளியில் சேர்த்தோம். பள்ளியின் பெயரை இங்கே எழுதமாட்டேன். தலைமையாசிரியர் காலமாகிவிட்டார். நல்ல மனிதர், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேன். முதல் விடுமுறைக்கு முத்துவை அழைக்கப் போனபோது என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "கை பேச ஆரம்பிச்சா வாய் சோம்பேறியாயிரும். வீட்லயும் கையைத் தூக்க விடாதீக. நீங்க மட்டும் மனசு வச்சீகன்னா அடுத்த வருசம் உங்களை 'அப்பா'ன்னு கூப்பிடுவான்." எத்தனை வியாபாரிகள் எத்தனை விதமாகப் பேசி என்னை மடக்கப் பார்த்திருக்கிறார்கள், ஒருவரிடமும் நான் விழுந்ததில்லை. அந்த ஒரு சொல்லில் விழுந்தேன். அங்கே படித்து முடித்துப் போன பழைய பிள்ளைகளெல்லாம் இப்போது எங்கே, எப்படிப் பேசுகிறார்கள் என்று நான் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அந்த விடுமுறையிலிருந்து, அவன் வீட்டில் இருக்கிற நாளெல்லாம் சாயங்காலம் அரைமணி நேரம் கண்ணாடிக்கு முன்னால் அவனை நாற்காலியில் உட்கார வைத்து, என் துண்டால் கையைப் பின்னால் கட்டி, வாயைத் திறக்கச் சொல்லிக் கொடுத்தேன். வலிக்காத மாதிரிதான் கட்டினேன். அப்படிச் சொல்லிக்கொண்டுதான் கட்டினேன். உன் அம்மா, "என்னங்க, அவன் தண்ணி வேணும்னு கேக்குறான், அவுத்து விடுங்க" என்பாள். "வாயைத் திறந்து கேக்கட்டும்" என்பேன். நீ சன்னலுக்கு வெளியே நின்று அவனுக்குக் கை காட்டியதைப் பார்த்து, அடிக்கோலால் உன் புறங்கையில் இரண்டு போட்டேன். உனக்கு அப்போது பதினோரு வயசு. எட்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாய். நான் அத்தோடும் நிற்கவில்லை. வெஞ்சனத்துக்குக் காய் நறுக்குகிற சாக்கில் உன் அம்மா அவனோடு கைப்பேச்சுப் பேசுகிறாளோ என்று அடுப்படிக் கதவிடுக்கில் நின்று வேவு பார்த்தேன். கம்பெனியில் வெளியாரைச் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்கியவன், வீட்டில் வந்து பெற்ற பிள்ளைகளையும் கட்டினவளையும் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன்.

முத்துவுக்குப் பத்து வயசானபோது பள்ளி ஆண்டுவிழாவுக்கு நான் மட்டும் போனேன். மேடையில் பெரிய அதிகாரிகள். முத்து வெள்ளைச் சட்டையில் வந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னான். "வணக்கம். என் பெயர் சவரிமுத்து. என் ஊர் திண்டுக்கல். எனக்கு அப்பாவைப் பிடிக்கும்." கூட்டம் கை தட்டியது. நான் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அதை வீட்டில் வந்து சொன்னேன், பூசை முடிந்தபின் பங்குச் சாமியாரே அதை எல்லாருக்கும் அறிவித்தார், நீயும் கேட்டாய். இனிமேல் எழுதுவதுதான் நீ கேளாதது.

மறுநாள் இருவரும் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். சிறுமலைப் பழம் வந்து இறங்கியிருந்தது. அவனுக்கு அந்தப் பழம் என்றால் உயிர் என்பது உனக்குத் தெரியுமே. பழக்காரம்மா முன்னால் அவனை நிறுத்தி, என் உதடு தெரியும்படி குனிந்து, "பழம் வேணுமா?" என்றேன். "வணக்கம்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. மறுபடியும், "பழம் வேணுமாடா?" என்றேன். "என் பெயர் சவரிமுத்து" என்றான். மூன்றாவது தடவையும் கேட்டேன். "என் ஊர் திண்டுக்கல்" என்றான். பழக்காரம்மா, "பிள்ளை நல்லா பேசுதே சாமி" என்றாள். நாலாவது தடவை நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சீப்புப் பழம் வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

அவனுக்கு அந்தச் சொற்களின் வரிசை தெரியும், உதடு எப்படி அசைய வேண்டும் என்று தெரியும். பெயர் என்றால் என்ன, ஊர் என்றால் என்ன என்று ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கையால்தான் சொல்லியிருக்க முடியும். மேலே பொன்னாக இருந்தது அந்த மேடைதான், பிள்ளையைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அந்த மேடைக்குள் கையை விட்டுப் பார்த்தாயிற்று, உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டாயிற்று. அதன்பிறகும் இரண்டு வருஷம் அவனை அதே பள்ளியில் வைத்திருந்தேன். தெருவே என்னை மெச்சிக்கொண்டிருந்தது. எந்த முகத்தோடு போய், அது பேச்சில்லை, மனப்பாடம் என்று சொல்வேன்? உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அடுத்தது நீ பார்த்தது. பன்னிரண்டு வயசில் விடுமுறைக்கு வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நான் சாய்வு நாற்காலியில் இருந்தேன். முத்து என் முன்னால் வந்து நின்றான். முகம் வேர்த்துக் கோணிக்கொண்டிருந்தது, கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். அன்றைக்கு யாரும் கட்டவில்லை, அவனாகவே கோத்துக்கொண்டிருந்தான். என் வாயைப் பார்த்துக்கொண்டு "வணக்கம், வணக்கம்" என்றான். சாமியாருக்கு வணக்கம் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறான் என்று நினைத்து நானும் வணக்கம் சொன்னேன். நீ உள்ளேயிருந்து ஓடிவந்து அவன் கைகளைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டாய். அடுத்த நொடியில் அவன் வயிற்றைத் தொட்டான், குத்துகிற மாதிரிக் காட்டினான், வாந்தி என்று காட்டினான். "அப்பா, வயித்து வலி, விடிஞ்சதுலருந்து வலிக்குதாம்" என்று நீ கத்தினாய். குடல்வால் வெடிக்கிற நேரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். விடிந்ததிலிருந்து என் பிள்ளை வலியோடு வீட்டைச் சுற்றி வந்திருக்கிறான், என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல். அந்தப் பள்ளிக்கு அவனை நான் திரும்ப அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு நீதான் அவனுக்குக் கைப்பேச்சில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தாய். அதனால்தான் பேகம்பூர் அச்சகத்தில் இன்றைக்கு அவன் எழுத்துக் கோக்கிறான், தினசரியும் படிக்கிறான். அதனால்தான் நீயும் இந்தப் படிப்புக்கு வந்தாய் என்று நினைக்கிறேன். நீ அப்படிச் சொன்னதில்லை, நானாக நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது சின்னப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறேன். அங்கிருந்து வந்தது சைக்ளோஸ்டைலில் மங்கலாக உருட்டியெடுத்த இரண்டே தாள், படமில்லை. கூடவே உன்னை உடனே சேர்த்துக்கொள்கிறோம் என்ற கடிதம். இவ்வளவு அவசரமாகக் கூப்பிடுகிறவர்களுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்று அர்த்தம், ஆகவே இது பெரியதைவிட மோசமாக இருக்கும் என்று முடிவுகட்டித்தான் உறையைப் பெட்டியில் போட்டேன். போட்டபின் தூக்கம் பிடிக்கவில்லை. எனக்குத் தெரிந்த கம்பெனி ஆங்கிலத்தில், 'தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்றோம்' என்று தொடங்கி, இரண்டு இடத்துக்கும் ஒரே கேள்வியை எழுதிப் போட்டேன். உங்களிடம் படிக்கிற பிள்ளைகளின் கைகளைக் கட்டுகிறீர்களா? அவ்வளவுதான். உன் பெயரைச் சொல்லி, உன் தகப்பன் என்றும் எழுதிவிட்டேன். இதற்கும் சேர்த்துக் கோபப்படு.

பெரிய இடத்திலிருந்து தட்டச்சில் மரியாதையான பதில் வந்தது. எங்கள் முறைகள் மிக நவீனமானவை, தங்கள் மகளை வரவேற்கக் காத்திருக்கிறோம், இத்துடன் எங்கள் விவரப் புத்தகத்தின் இன்னொரு பிரதி. கேட்டதற்குப் பதில் இல்லை. சின்ன இடத்திலிருந்து முந்தாநாள்தான் வந்தது. உனக்குப் பேராசிரியராக இருக்கப்போகிற அம்மாள் தன் கையாலேயே எழுதியிருக்கிறார். 'கட்டியிருக்கிறேன். பதினோரு வருஷம் கட்டினேன். என்னிடம் படித்த ஒரு பெண் வளர்ந்தபின் திரும்பி வந்து, அந்த வருஷங்களில் தனக்கு என்ன புரிந்தது என்று எழுதிக் காட்டினாள். அதன்பிறகு நிறுத்திவிட்டேன். எங்கள் துறையில் பாதிப்பேர் நான் செய்வது தப்பு என்கிறார்கள். உங்கள் மகள் வந்தால் இரண்டு பக்கத்தோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.' படித்து முடித்து மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அதற்குப் பிறகு, உண்மையைச் சொல்லியே ஆளை வளைத்துப் போடுகிற கெட்டிக்காரர்களும் உலகத்தில் உண்டே என்றும் தோன்றியது. அந்தப் புத்தி என்னைவிட்டுப் போகாது.

நீ எங்கே போனாலும் முதல் வாரமே யாருக்கும் சொல்லாமல் ஒரு வகுப்புக்குள் போய் நில். பார்வையாளர் வருகிற நாளாக இருக்கக் கூடாது. மேடைக்குக் கொண்டுவருகிற பிள்ளையைப் பார்க்காதே, கடைசி வரிசையில் இருக்கிற பிள்ளையிடம் போய், வரிசையை மாற்றி ஒரு கேள்வி கேள். படித்து முடித்துப் போனவர்கள் எங்கே என்று கேள். பேராசிரியர் எவ்வளவு நல்லவர் என்பதை வைத்து அவருடைய முறையையும் நல்லதென்று நம்பிவிடாதே. உனக்கு டாக்டர் பட்டம் கிடைத்துவிடும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதன்பிறகு ஒருநாள் உன் எதிரில் ஒரு தகப்பன் வந்து உட்கார்ந்து, என் பிள்ளை என்னை அப்பா என்று கூப்பிடுவானா என்று கேட்பான். அவனுக்கு நீ என்ன சொல்லப்போகிறாய் என்பதைத்தான் இந்த இரண்டு இடங்களில் ஒன்று உனக்குக் கற்றுத்தரப்போகிறது. தப்பாகக் கற்றுக்கொண்டால், நான் ஒரு வீட்டில் செய்ததை நீ ஆயிரம் வீட்டில் செய்யவைப்பாய்.

இதையெல்லாம் எழுதி நேற்றே முடித்திருப்பேன். உன் அம்மாதான் நிறுத்தினாள். "இம்புட்டுப் பேருக்குக் கடுதாசி போட்டீகளே, வீட்டுக்குள்ள இருக்குறவன ஒரு வார்த்தை கேட்டீகளா?" என்றாள். கேட்கவில்லை. ஒன்பது வருஷமாக அவனை நான் எதையும் கேட்டதில்லை. நீயும் அம்மாவும் அவனோடு கையாலே பேசிச் சிரிப்பீர்கள், நான் வந்து நின்றால் அவன் கை இரண்டும் மடிக்குப் போய்விடும். அப்படியே பழகிவிட்டோம்.

இன்று மத்தியானம் அச்சகத்திலிருந்து சாப்பிட வந்தான். சாப்பிட்டு எழுந்ததும் அந்த விவரப் புத்தகத்தையும் இரண்டு தாளையும் அவன் முன்னால் வைத்தேன். இல்லாத ஜடையை இழுத்துக் காட்டினேன். ஆகாய விமானம் காட்டினேன். எது, என்று காட்டினேன். என்னை வெறித்துப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். நான் காட்டியது மாட்டு வால் போல இருந்ததாம், அம்மா சொன்னாள். எழுந்துவந்து என் விரல்களைப் பிடித்துச் சரியாக வைத்தான். மையும் ஈயமும் மணக்கிற விரல்கள். அப்புறம் உட்கார்ந்து புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தான், இரண்டு தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினான். அவள் அவன் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பிவிட்டாள்.

என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். தன் காதைத் தொட்டு, இல்லை என்றான். மீசையை முறுக்கிக் காட்டினான். கரும்பலகையில் எழுதுகிற மாதிரிக் காட்டினான். பிறகு புத்தகத்தையும் தாளையும் தொட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தான். எனக்கு விளங்கவில்லை. அம்மாதான் சொன்னாள்: "காது கேக்காதவுக யாராச்சும் அங்க வாத்தியாரா இருக்காகளான்னு கேக்குறான்."

இரண்டு இடத்தையும் இத்தனை வாரம் குடைந்தும் எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை, லூர்து. உனக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. அந்த அம்மாளும் சொல்லவில்லை. புத்தகத்தில் இருக்கிற பெரியவர்கள் அத்தனைபேரும் காது கேட்கிறவர்களாகத்தான் தெரிகிறது. அவன் கையை மடியில் வைக்கவில்லை. எனக்காகத் தூக்கியபடியே வைத்திருந்தான்.

இது கிடைத்த அன்றே இரண்டு இடத்துக்கும் தந்தி கொடுத்து அதைக் கேள். அவன் பெயரைப் போட்டே கேள். வருகிற பதிலை நான்தான் அவனிடம் சொல்ல வேண்டும் என்று உன் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நாளைக் காலையில் அவன் வேலைக்குப் போவதற்கு முன் எனக்குக் கைப்பேச்சில் எண்ணும் எழுத்தும் சொல்லித்தர ஆரம்பிக்கிறான்.

இப்படிக்கு,
உன் அப்பா